பதினொரு புளியங்கொட்டையும் ஒரு பொத்தானும்

கறி மெல்லப் பல் இருக்கிறவர்கள் இதை அப்புறம் படிக்கலாம். என்னைப்போல் குழைந்த சோற்றுக்கும் ரசத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நம் வயதில் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாலே பாதி வயிறு நிறைந்துவிடுகிறது. டாக்டருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு என் மருமகள் சமையல்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் என்று அவர் கேட்டிருப்பார் போலிருக்கிறது. "இருபது பேர். அஞ்சு பேர் முன்னப்பின்ன ஆகும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சு பேர் முன்னப்பின்ன" ஆனதில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. சொன்னால் கேட்க அவளுக்கு நேரமும் இல்லை. உங்களுக்குத்தான் இருக்கிறது.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற வழியில், பாரிவாக்கம் தாண்டி எங்கள் ஓட்டு வீடு. அண்ணன் தம்பி மூன்று பேரின் குடும்பமும் அதில்தான். மூத்தவர் பெரியப்பா, மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நடுவில் என் அப்பா. நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஆவடி ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. தினம் சைக்கிளில் போய் வருவார். கடைசி, சித்தப்பா. அவரைப் பற்றித்தான் இந்தக் கதை. ஆனால் கதை நடக்கிறபோது அவர் ஊரில் இல்லை.

சண்டைக் காலம் அது. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. அரிசியை அளந்து அளந்து கொடுத்தார்கள். எனக்கு வயது ஒன்பது.

எங்கள் வீட்டுப் பண்டிகைச் சாப்பாட்டை முடிவு செய்வது ஒரு பிஸ்கட் டப்பா. வட்டமான தகர டப்பா. மூடியில் தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி இருந்தாள். நான் பார்க்கும்போதே அவள் மூக்கைத் துரு தின்றிருந்தது. பின்னால் வீடு பாகம் பிரிந்தபோது அந்த டப்பா யார் பங்கில் போனதோ, தெரியவில்லை. நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது வருத்தமாக இருக்கிறது.

டிசம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்ததும், பெரியப்பா கூடத்தில் பாயை விரித்து உட்காருவார். எதிரே ஒரு முறத்தில் புளியங்கொட்டையும் குன்றிமணியும். பெரியவர்களுக்கு ஆளுக்கொரு புளியங்கொட்டை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குன்றிமணி. பெயரைச் சொல்லிச் சொல்லி டப்பாவில் போடுவார். டங், டங் என்று விழும். என் பெயருக்கு விழுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கேட்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் அந்த டப்பா போதும் அவருக்கு. புளியங்கொட்டை ஒன்றுக்கு ஓர் உழக்கு அரிசி, ஆறு துண்டு கறி. குன்றிமணிக்கு எல்லாம் பாதி. மூன்று கொட்டைக்கு ஒரு தேங்காய். பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் டப்பாவைக் கவிழ்த்து எண்ணுவார். அதிலிருந்து மிளகாய், மல்லி, இஞ்சி வரை சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடச் சோறு மீந்ததும் இல்லை, போதாமல் போனதும் இல்லை.

இடையில் யாராவது விருந்தாளியை அழைத்தால், அழைத்தவர் தன் கையால் ஒரு கொட்டையை டப்பாவில் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். யாருக்கு என்று யாரும் கேட்கக் கூடாது. எப்போதோ யாரோ, "இந்தக் கொட்ட யாருக்கு?" என்று உரக்கக் கேட்டுவிட, அது வாசலில் நின்ற விருந்தாளியின் காதில் விழுந்ததாம். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டாராம். அன்றிலிருந்து, டப்பாவில் விழுந்த கொட்டையைக் கேள்வி கேட்கக் கூடாது என்று ஆகிவிட்டது. இந்தச் சட்டம்தான் எங்களைக் கவிழ்த்தது.

சித்தப்பா கல்யாணமான மறுவருஷமே மலேயாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை, அதாவது கணக்குப் பிள்ளை. ரெண்டு வருஷத்தில் சித்தியை அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். கிறிஸ்துமஸ் மத்தியானம் பெரியம்மா அண்டா நிறையத் தேங்காய்ப்பால் சோறு வடிக்காமல் சமைப்பார். அடியில் பழுப்பாகக் காந்தல் பிடித்திருக்கும். அது சித்தப்பாவின் சொத்து. எல்லோரும் கை கழுவிய பிறகு அண்டாவைச் சாய்த்து வைத்துக்கொண்டு கரண்டியால் சுரண்டுவார். என் வாயில் ஒரு துண்டு போடுவார். பால் முறுகி, உப்பும் இனிப்புமாக, கடக்கென்று உடைந்து பல்லில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு எவ்வளவு பெரிய ஓட்டலிலும் அது கிடைப்பதில்லை. அடிப்பிடித்தால் கொட்டிவிடுகிறார்கள்.

சித்திக்கு வேப்பம்பட்டு. இருபது வயதுகூட ஆகாத பெண். எனக்கு ரெட்டைப் பின்னல் போட்டுவிடுவாள். மத்தியானத்தில் புளிய மரத்தடியில் என்னோடு உட்கார்ந்து தாயம் ஆடுவாள், தோற்றால் என்னைவிட அதிகமாகச் சண்டை போடுவாள். உறவுக்குச் சித்தியே தவிர, எனக்கு அவள் சிநேகிதி.

மலேயாவிலிருந்து கடிதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் வந்தான், சிங்கப்பூர் விழுந்தது, கடிதம் நின்றது. நல்லதாகவும் ஒரு வரி இல்லை, கெட்டதாகவும் ஒரு வரி இல்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல் சித்தப்பா பெயருக்குக் கொட்டை விழுந்தது. வழக்கம்போல் அவருக்கு இலை போட்டுச் சோறும் வைத்தார்கள். எதிர் வரிசையில் சித்தி. ஆள் இல்லாத இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு வாய்கூட இறங்கவில்லை. எழுந்து போய்விட்டாள். அந்த இலையைப் பெரியம்மாதான் மடித்து எடுத்துப்போனார். மடிப்பதைச் சித்தி கதவு இடுக்கில் நின்று பார்த்ததை நான் பார்த்தேன்.

மறுவருஷம் டிசம்பர் முதல் ஞாயிறு. பெரியப்பா கொட்டை போட உட்கார்ந்தார். தன் பெயர், பெரியம்மா பெயர், நைனா, அம்மா. அடுத்த கொட்டையைக் கையில் எடுத்தவர், போடவில்லை.

"இந்த வருசம் தம்பி கொட்ட வேணாம்" என்றார்.

நைனா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாண்ணா சொல்றே?"

"போன வருசம் அந்தப் பொண்ணு பட்டது போதும்டா. வெறும் எலயப் பாத்துகினு எப்டிடா ஒரு வாய் எறங்கும்? வேணாம்னா வேணாம். விடு."

கொட்டையைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பையில் எப்போதும் சாக்குக்கட்டித் துண்டுகள் கிடக்கும். கோட்டின் அந்தப் பக்கமே வெளுத்திருக்கும். அடுத்து சித்தி பெயருக்கு டங். பிறகு அம்பத்தூரிலிருந்து வரப்போகிற அத்தைக்கும் மாமாவுக்கும் டங், டங். பெரியவர்கள் மொத்தம் ஏழு.

சித்தி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். உள்ளே போய் அம்மியில் உட்கார்ந்தாள். அரைக்க ஒன்றும் இல்லாத நேரம் அது. வெறும் அம்மியில் குழவி ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பெரியப்பா இரக்கப்பட்டுச் சொன்னார் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. சித்திக்கும் தெரியவில்லை. இலை இல்லை என்றால் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்? வீட்டுக்கு மூத்தவரே முடிவு கட்டிவிட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மறுநாள் அம்மாவிடம் சொன்னாள்:

"எங்க அண்ணனுக்கு எழுதிட்டேன்கா. பண்டிக முடிஞ்ச மறாநாள் வண்டி வரும். நான் எங்க ஊட்டுக்கே போறேன்."

"இன்னாடி பேச்சு இது? திரும்பி எப்போ வருவே?"

"எண்ணிக்கைல இல்லாத ஆளோட பொண்டாட்டிக்கு இங்க இன்னாக்கா வேல?"

அன்று சாயங்காலமே சித்தி டிரங்குப் பெட்டியைத் துடைத்து, சித்தப்பாவின் கடிதக் கட்டை அடியில் வைத்து, மேலே சேலைகளை அடுக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. போனால் வரமாட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பெரியப்பா மேல் அப்படி ஒரு கோபம். அவருடைய மூக்குக்கண்ணாடியில் புளி தடவ வேண்டும் என்று இரண்டு நாள் திட்டம் போட்டேன். தைரியம் வரவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். நாங்கள் தாயம் ஆட ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து வைத்திருந்த புளியங்கொட்டைகளில் ஒன்றை எடுத்தேன். அடுப்படியில் யாரும் இல்லாத சமயம் உப்பு ஜாடிமேல் கை ஊன்றி எக்கி, டப்பாவின் மூடியைத் திறந்து, உள்ளே போட்டேன். டங். சித்தப்பாவுக்கு. யாரும் கேட்க முடியாது. சட்டம் இருக்கிறது.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் பெரியம்மா டப்பாவைக் கவிழ்த்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"குன்றிமணி சரியா கீது. கொட்ட ஏழு இருக்கணும்" என்றார் அம்மாவிடம். "பன்னெண்டு கீதுடி. அதுலயும் ஒண்ணு கொட்டயில்ல, பித்தளப் பொத்தான்!"

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஆனால் உடனே மனசு தெளிந்தது. ஒன்றுதானே என்னுடையது? மிச்சம் நாலும் நிஜ விருந்தாளிகள். அந்தக் கூட்டத்தில் என் கொட்டை யார் கண்ணிலும் படாது.

பெரியம்மா பொத்தானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சும்மா ஆளுக்கு யாரும் பொத்தான் போடமாட்டாங்க. உன் ஊட்டுக்காரர் ஸ்டேசன் மாஸ்டரக் கூப்ட்டுகீறாரு போல. பட்டாளத்து ஆபீசராகூட இருக்கும். பாய்ல உக்காருவாரோ, மாட்டாரோ?"

கேட்கக் கூடாது என்பதால் யாரும் நைனாவைக் கேட்கவில்லை. நைனாவும் காதில் விழாதவர்போல் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வீடு பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான். அரிசி கிடைக்காத காலத்தில் ஐந்து ஆள் அதிகம்! பெரியம்மா என்னைப் படியோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். நிலம் நீச்சோடு பல தலைமுறையாக அந்த ஊரில் இருக்கிற குடும்பம். அந்த வீட்டம்மா குதிரிலிருந்து அரிசி அளந்து கொடுத்தார். கேட்காமலே ஒரு கட்டு வாழையிலையும் கொடுத்து, "யாரும்மா வராங்க, தொரைங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆடெல்லாம் ஆவடிப் பட்டாளத்துக்குப் போய்விட்டது என்று கறிக்காரர் கையை விரித்துவிட்டார். நைனா இரண்டு நாள் சைக்கிளில் அலைந்து, திருவேற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கிடாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரியப்பா, பொத்தான்காரர் உட்காரட்டும் என்று, பள்ளிக்கூடத்து நாற்காலியைத் தன் தலையிலேயே சுமந்து வந்தார். வழியெல்லாம் பிள்ளைகள் சலாம் வைத்தார்களாம். அம்மா எங்களை வரிசையாக நிறுத்தி, "விருந்தாளிங்க முன்னால ரெண்டாந்தரம் கறி கேட்டீங்க, தோல உரிச்சுடுவேன்" என்றாள்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. அதிரசத்துக்கு மாவு இடித்தாள், மசாலா அரைத்தாள், ஐந்து ஆளுக்கு அதிகமாகவே அரைத்தாள். ஒருமுறை என் தலையைப் பின்னிக்கொண்டே, "யார் யாருக்கோ எல கீது, பாத்தியா?" என்றாள். சீப்பு என் தலையில் அழுந்தியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. மாட்டிக்கொண்டால் அடி விழும் என்று விழுங்கிவிட்டேன். அதற்காக நான் பின்னாளில் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் விடிந்தது. ஆராதனைக்குப் போய் வந்தோம். அம்பத்தூர் அத்தையும் மாமாவும் வந்து சேர்ந்தார்கள். கூடத்தில் இரண்டு வரிசையாக இலை போட்டாயிற்று. தலைமாட்டில், பொத்தான்காரருக்கு நாற்காலி, எதிரே ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் இலை. தேங்காய்ப்பால் சோறும் கறிக்குழம்பும் மணத்தன. எங்களுக்கு நாக்கில் ஊறிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை.

பெரியப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். மாமாவால் பொறுக்க முடியவில்லை.

"இன்னா மச்சான், கவர்னரக் கூப்ட்டுகீறியா? பசி உயிர் போவுது" என்றார் நைனாவிடம்.

பெரியப்பா திரும்பினார். "ஆமாண்டா. உன் ஸ்டேசன் மாஸ்டர் எப்போ வராரு?"

"என் ஸ்டேசன் மாஸ்டரா?" என்றார் நைனா. "நான் யாரையும் கூப்டலியேண்ணா. நீ வாத்தியாருங்களக் கூப்ட்டுகீறேன்னு இல்ல நெனச்சுகினு கீறேன்!"

"நானா? நான் எங்கடா கூப்ட்டேன்?"

இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா உள்ளே போய் டப்பாவையும் முறத்தையும் கொண்டுவந்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கொட்டினார்.

"கேக்கக் கூடாதுதான். ஆனா சோறு ஆறிகினு கீது. யார் யார் போட்டீங்களோ, சொல்லிடுங்க."

முறத்தில் என் கொட்டை வெள்ளைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு பக்கம் தேச்சது என்னுது பெரிம்மா. சித்தப்பாவுக்குப் போட்டேன்."

அம்மாவின் கை என் முதுகில் விழுந்தது. அடிதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கை அங்கேயே இருந்தது.

"அந்தப் பிசுபிசுன்னு கீறது என்னுது" என்றாள் அம்மா. "புளி ஆஞ்சுகினு இருந்தப்போ போட்டேன். நானும் அவருக்குத்தான்."

நைனா தொண்டையைக் கனைத்தார். "பொத்தான் என் கோட்டுது. ஸ்டேசன்லேர்ந்து வந்தேன். கைல கொட்ட இல்ல. பாக்கெட்டுல இது இருந்துச்சு. தம்பிக்கு இன்னா கொட்டயா பொத்தானான்னு பாக்கப் போறான்னு போட்டுட்டேன்."

"ஐயோ, பொத்தானுக்கு நாக்காலி போட்டுட்டேனே!" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நானும் ஒண்ணு போட்டேன். எடுத்து வளத்த புள்ளையாச்சே."

நாலு ஆயிற்று. ஐந்தாவது ஒன்று இருந்தது. மற்ற கொட்டைகள் பழுப்பாகப் பளபளக்க, அது மட்டும் மாவு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. பெரியம்மா அதை எடுத்துத் தேய்த்தார். விரலில் வெள்ளை ஒட்டியது. சாக்குப்பொடி.

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு நாள்தான் பாக்கெட்டுல வெச்சுகினு சுத்த முடிஞ்சுது" என்றார். "கைய உட்டா அதான் கைல தட்டுது. டப்பாவுலியே போட்டுட்டேன்."

வேண்டாம் என்று சொன்னவரே போட்டிருக்கிறார். அவர் கண்ணாடியில் புளி தடவாமல் விட்டதற்கு நான் அன்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

சித்தி அடுப்படியிலிருந்து வந்து முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது. என் கொட்டை, அம்மா கொட்டை, பொத்தான், பெரியம்மா கொட்டை, பெரியப்பா கொட்டை. ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"அஞ்சு பேரும் போட்டீங்க" என்றாள். "நான் ஒருத்திதான் போடல."

பிறகு அழுதாள். கடிதம் நின்ற நாளிலிருந்து அவள் வாய்விட்டு அழுது நான் கேட்டதில்லை. பெரியம்மா அவள் தலையை மடியில் இழுத்துக்கொண்டார். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. எனக்கு என்னவோ பயமே வரவில்லை. வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்த காற்றை யாரோ திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "ஒரு ஆளுக்கு அஞ்சு எல! அவனே நேர்ல வந்தாக்கூட இவ்ளோ துன்னமாட்டான்பா."

சித்தி அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். ஸ்டூல்மேல் இலையும் எதிரே காலி நாற்காலியும் கண்ணில் பட்டன. சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. அப்புறம் எல்லோரும் சிரித்தோம். பெரியப்பாகூட.

எங்கள் வாசலுக்கு நேரே, பட்டாளத்து லாரி போக ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்து வேலைக்குப் பண்டிகை லீவு கிடையாது. ஜல்லி உடைக்கிறவர்கள் வேப்ப மரத்தடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். சித்தி முகத்தைக் கழுவிக்கொண்டு தானே வாசலுக்குப் போனாள்.

"அண்ணாத்தே, எல போட்டு கீது. எல்லாரும் உள்ள வாங்க. சாப்டுங்க" என்றாள்.

ஐந்து பேர் என்று நினைத்தோம், ஏழு பேர் வந்தார்கள். நாங்கள் பிள்ளைகள் இலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். வந்தவர்களில் மூத்தவரை நாற்காலியில் உட்காரச் சொன்னால் மாட்டவே மாட்டேன் என்று பாயில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பொத்தான்காரரின் நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறினார். அவர் பரிமாறி நான் அன்றுதான் பார்த்தேன்.

"இன்னா விசேசம் ஐயா, கல்யாணமா?" என்று கேட்டார் அந்த மூத்தவர்.

"பண்டிக. தம்பி ஒருத்தன் மலேயாவுல கீறான். அவன் பேருக்கு ஆளாளுக்குச் சோறு வெச்சுட்டாங்க" என்றார் பெரியப்பா. கரண்டியில் கறியை அள்ளி அவர் இலையில் போட்டுவிட்டு, "வந்துடுவான்" என்றார்.

சித்தி அதைக் கேட்டாள். அப்புறம்தான் அவள் இலைமுன் உட்கார்ந்தாள். இரண்டாந்தரம் கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அம்மா தோலை உரிக்கவில்லை.

மறுநாள் வேப்பம்பட்டிலிருந்து வண்டி வந்தது. முறுக்கும் அதிரசமும் ஏற்றிக்கொண்டு ஆள் இல்லாமல் திரும்பிப் போயிற்று. டிரங்குப் பெட்டியிலிருந்து சேலைகள் கொடிக்கு வந்தன. பொத்தானை அம்மா கோட்டில் தைத்துவிட்டாள். அதற்குப் பின் வந்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் சித்தப்பாவின் கொட்டையைச் சித்தியே தன் கையால் போட்டாள். ஒன்றே ஒன்று. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று பெரியம்மாவின் உத்தரவு.

சண்டை முடிந்து, மலேயாக் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகு, ஒரு பங்குனி வெயிலில் சித்தப்பா ஆவடி ஸ்டேஷனில் வந்து இறங்கினார். எலும்பும் தோலுமாக, கையில் ஒரு துணி மூட்டைகூட இல்லாமல் பார்சல் ஆபீஸ் கம்பிக்கு முன்னால் நின்றாராம். ஏதோ பார்சல் எடுக்க வந்த ஆள் என்று நினைத்து நைனா தலை நிமிராமலே, "ரசீது கீதா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லண்ணா" என்றாராம் சித்தப்பா. நைனா அன்று ஆபீஸைப் பாதியில் விட்டு, அவரைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டே வந்தார். மணிச் சத்தம் கேட்டு நாங்கள் வாசலுக்கு ஓடினோம். மற்றதை நான் எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது அப்படித் திரும்பி வந்திருந்தால் உங்களுக்கே தெரியும்.

பங்குனியில் கிறிஸ்துமஸ் சாப்பாடு நடந்தது. ஆட்டுக்கறி கிடைக்கவில்லை, கோழி அடித்தார்கள். பெரியம்மா வேண்டுமென்றே அடுப்பை எரியவிட்டுத் தேங்காய்ப்பால் சோற்றைக் காந்த வைத்தார். சித்தப்பாவால் நாலு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. வயிறு சுருங்கிப் போயிருந்தது. ஆனால் எல்லோரும் கை கழுவிய பிறகு, "அண்டா எங்க?" என்று கேட்டார்.

சாய்த்து வைத்த அண்டாவின் முன் அவர் உட்கார்ந்திருந்தார். சுற்றி நாங்கள். பொத்தானுக்கு நாற்காலி போட்ட கதையை மாமா கையைக் காலை ஆட்டிச் சொல்லி முடித்தார். சித்தப்பா சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. கதையில் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது.

"எல்லாரும் போட்டாங்க. நான் மட்டும் போடல" என்றாள் அவரைப் பார்க்காமல். "உங்க கிட்ட சொல்லாம இருக்க முடியல."

சித்தப்பா கரண்டியால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"சயாமுல ரயில் ரோட்டு போட ஜப்பான்காரன் இழுத்துகினு போனான் இல்ல, அங்க தெனம் காலைல நிக்க வெச்சு எண்ணுவான்" என்றார். "நேத்து இருந்தவன் இன்னிக்கி இருக்கமாட்டான். கடைசில, எண்ணும்போது அதுல நானும் ஒருத்தன்னு நெனைக்கிறத உட்டுட்டேன். என் பேருக்கு நானும்தான் போடல. போ."

காந்தலில் பெரிய துண்டாக ஒன்று பெயர்ந்து வந்தது. அதை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைச் சித்தியின் கையில் வைத்தார். சித்தி வாயில் போட்டுக்கொண்டாள். கடக்கென்று அது கடிபடுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.